பன்னிரண்டு ரூபாய் போல்ட்

மாதவரம் கொட்டகையில்
வைக்கோல் கட்டும் மெஷினின் வயிற்றுக்குள்
தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன்.
பஞ்சாபில் இரண்டு கை மாறி வந்தது.
பெயர்த்தகடு போய்
நாலு ஆணித்துளை மட்டும் மிச்சம்.
உன்னைவிட ரெண்டு வயசு பெரிசு என்று
லோகாம்பாள் கணக்குப் போட்டுச் சொன்னாள்.
நாற்பத்து மூன்று.

இது அதிகம் கேட்பதில்லை.
காலையில் பதினெட்டு இடத்தில் கிரீஸ்.
பதினேழை யாரும் கண்டுபிடிப்பார்கள்,
பதினெட்டாவது ஊசித்தண்டுக்குப் பின்னால்,
தூசி அப்பி, மச்சம் போல.
சாயங்காலம், சூடு இறங்குவதற்குள், செயினுக்கு எண்ணெய்.
முடிச்சுத் தலைக்குக் காற்று.
அங்கே சுழலும் கிளிமூக்கில் துரு ஏறினால்
கயிறு நழுவாது,
கட்டு வெளியே போகும், முடிச்சு போகாது.
வாட்டர் பேப்பரால் தேய்த்து
நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.
விரல் போதாது, விரல் பொய் சொல்லும்.

போன செவ்வாய், சோழவரம் தாண்டி ஒரு கழனி.
அறுவடை வண்டி விட்டுப்போன வரிசை
அடியில் இன்னும் ஈரம்.
தை மாதத்தில் எதற்கோ மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
பெரிய சக்கரத்தில் போல்ட் அறுந்தது. மாற்றினேன்.
பத்துக் கட்டு. மறுபடி.
மூன்றாவதும் போனபோது டப்பா காலி.

அறுவதற்கென்றே செய்த போல்ட் அது.
மெத்தென்ற இரும்பு, பன்னிரண்டு ரூபாய்.
உள்ளே எங்கே இறுகினாலும்
முதலில் அது போகவேண்டும்,
மற்றதெல்லாம் தப்பிக்க.
எனக்குத் தெரியும்.
தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.
டிராக்டர் பெட்டியில் ஒரு ஹைடென்சில் கிடந்தது,
தலையில் எட்டு புள்ளி எட்டு.
அளவு சரியாக இருந்தது.
அதுதான் வினை.

முப்பத்தோரு கட்டு, செங்கல் மாதிரி.
இம்தியாஸ் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான்.
முப்பத்திரண்டில்
மாடியில் யாரோ இரும்புக் கட்டிலைக் கவிழ்த்த சத்தம்.
ஊசி இரண்டு துண்டு.
தடுப்புக்கொக்கி வளைந்து
மழை வராத வானத்தைப் பார்த்தது.

கல்லு, என்றேன் லோகாம்பாளிடம்.
"கழனியில ஏதுப்பா அம்மாம் பெரிய கல்லு?"
வரப்பு ஓரம்.
குதிரை லாயத்துக்காரருக்கு போன் போட்டு
ரெண்டு நாள் தள்ளிச் சொன்னாள்.
என்னை அதற்குமேல் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

செம்புதாஸ் தெருவில் பதினோரு கடை.
ஊசியா, தையல் மெஷினுக்கா என்றார்கள்.
பாடியில் வெல்டர் தனகோட்டி
இரண்டு துண்டையும் பொருத்தி
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கல்லு பட்ட அடி இல்லியே இது."
நான் டீ வாங்கி வரப் போனேன்.
நிக்கல் ராடு வைத்து ஒட்டி,
சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டு,
நாலாயிரத்து இருநூறு.
பில்லில் லோகாம்பாள் பேரைத்தான் எழுதச் சொன்னேன்.

இப்போது ஊசி உட்கார்ந்துவிட்டது.
ஹைடென்சிலைக் கழற்றினேன்.
சுலபமாக வந்தது.
மேலே ஒரு கீறல்கூட இல்லை,
அத்தனையும் நடந்தபோது
பக்கத்தில் இல்லாதவன் போல.
மெத்தென்ற புதிய போல்ட்டைப் போட்டு
கையாலேயே சக்கரத்தைச் சுற்றுகிறேன்.
என்ஜினுக்கு முன்னால் எப்போதும் கை.
பலகை பின்வாங்குகிறது.
ஊசி எழும்புகிறது, பள்ளத்தின் நடுவில்,
இரண்டு பக்கமும் ஒரு நூல் இடைவெளி.
கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்குகிறது.
கிளிமூக்கு ஒரு சுற்று, வாய் திறந்து, கவ்வி,
கத்தி வெட்ட,
முடிச்சு விழுகிறது.
இழுத்துப் பார்க்கிறேன். பிடிக்கிறது.
இன்னொரு முறை இழுக்கிறேன்.

வாசலில் லோகாம்பாள், கையில் காகிதப் பொட்டலம்.
"இருபது வாங்கியாந்தேன், மெது போல்ட்டு.
தீந்தா சொல்லு. ராத்திரினாலும் சொல்லு."
பொட்டலத்தைப் பலகைமேல் வைத்துவிட்டுத் திரும்புகிறாள்.

கால்சட்டைப் பையில் அந்த எட்டு புள்ளி எட்டு
தொடையில் இடிக்கிறது.
லோகாம்மா, என்கிறேன்.
கம்ப்ரசர் ஓடுகிறது, அவளுக்குக் கேட்கவில்லை.
கையை நீட்டி அதை நிறுத்துகிறேன்.